துரை பங்களாவில் மூன்று இரவுகள்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அக்கா எங்களிடம் கேட்டது ஒரு பயணக் கதை. பாடசாலை வரலாறு, அதிபர்மார் வரிசை, பரீட்சைப் பெறுபேறு எல்லாம் வேறு ஆட்கள் பேசுகிறார்கள், நீங்கள் விடுமுறைக்குப் போய் வந்ததைச் சொன்னால் சபை கொஞ்சம் ஆறுதலாகக் கேட்கும் என்றார். ஆகவே போய் வந்த இடத்தைப் பற்றியே பேசுகிறோம். பேச்சு நடுவில் வேறு பக்கம் திரும்பினால் அக்கா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாங்கள் என்று சொல்வது 1998 இல் இந்த விடுதியிலிருந்து உயர்தரப் பரீட்சை எழுதிய ஆறு பேரை. எல்லோரும் சப்ரகமுவத் தோட்டத்துப் பிள்ளைகள். மூன்று பேர் இரத்தினபுரிப் பக்கம், தேயிலை. மூன்று பேர் கேகாலைப் பக்கம், ரப்பர். இன்று எங்களில் டாக்டர் ஒருத்தி, ஆசிரியைகள் இருவர், வங்கியில் ஒருத்தி, நில அளவைத் திணைக்களத்தில் ஒருத்தி, கலியாணம் முடித்துப் பாரிஸுக்குப் போய் அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்பவள் ஒருத்தி. மேடையில் நிற்பது டாக்டர் என்றாலும் கதை ஆறு பேருடையது. எழுதி முடித்த பிறகு மற்ற ஐந்து பேரும் வட்ஸ்அப்பில் திருத்தம் சொல்லிவிட்டார்கள். அதனால் நீளத்துக்கு ஒருத்தியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

2023 ஆகஸ்ட்டில் பாரிஸ்காரி வந்து நின்றாள். அந்த மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. முதல் வந்தவர்கள் காட்டு வழியே நடந்து செத்துப் பிழைத்த பாதை அது. எங்களுக்கு லீவு கிடைத்தது மூன்றே நாள். நடக்கப் போக முடியவில்லை, ஆனால் ஏதாவது ஒரு தோட்டத்தில் ஆறு பேரும் சேர்ந்து இருக்க வேண்டும் என்று ஆசை. எங்கள் சொந்தத் தோட்டங்களில் ஆறு பேர் படுக்க இடம் எங்கே? பாரிஸ்காரிதான் கைபேசியில் தேடி ஒரு படத்தைக் காட்டினாள். பலாங்கொடைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பெரிய துரை பங்களா. இப்போது விடுமுறை விடுதி.

இந்த வியாபாரம் புதிதல்ல. பொகவந்தலாவைப் பக்கம் பழைய துரைமார் பங்களாக்களைத் திருத்தி வெளிநாட்டவருக்கு விடத் தொடங்கிப் பல வருடமாகிறது. அதைப் பார்த்து மற்ற இடங்களிலும் தொடங்கிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் பலாங்கொடை, றக்குவானை, கித்துல்கல என்று எங்கும் இருக்கிறது. தேயிலையில் இலாபம் குறைய, வீட்டைக் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். அதில் தவறு ஒன்றுமில்லை. பூட்டிக் கிடந்து கறையான் தின்ன விடுவதை விட ஆள் இருப்பது வீட்டுக்கு நல்லது.

வானில் அவிசாவளை, இரத்தினபுரி, பெல்மதுளை வழியாகப் போனோம். ஒரு காலத்தில் இந்தப் பாதையில் ரயில் ஓடியது. களனிப் பள்ளத்தாக்குச் சின்ன ரயில் 1912 இல் இரத்தினபுரிக்கும் பிறகு ஓப்பநாயக்க வரைக்கும் வந்தது. 1970களில் அவிசாவளைக்கு அப்பால் தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள். தேயிலையையும் ரப்பரையும் கொழும்புக்கு இறக்கவே போட்ட ரயில் என்றாலும் எங்கள் அம்மாயிமாரும் அதில் ஏறியிருக்கிறார்கள். பாரிஸ்காரி பாதையோரத்துப் பழைய பாலத் தூண் ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொண்டு வந்ததில் ஒரு மணித்தியாலம் தாமதம்.

தோட்டத்து எல்லையில் பாதை இரண்டாகப் பிரிந்தது. கீழே போவது ஸ்டோருக்கும் லயத்துக்கும். மேலே போவது பங்களாவுக்கு. தோட்டத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் அந்தப் பிரிவைப் பற்றிச் சொல்வார்கள். நாங்கள் வளர்ந்த தோட்டங்களிலும் அப்படித்தான். மேல் பாதையில் கால் வைக்க ஒரு காரணம் வேண்டும். பால் கொண்டு போகலாம், விறகு கொண்டு போகலாம், தபால் கொண்டு போகலாம். துரை எதிரே வந்தால் ஆண்கள் தலைத்துண்டை எடுத்துவிடுவார்கள், குடையை மடக்கிவிடுவார்கள், மழை பெய்தாலும். இது வெள்ளைக்காரத் துரையோடு முடிந்த வழக்கம் என்று நினைக்க வேண்டாம். எங்களில் ஒருத்தியின் தாத்தா 1980களிலும் குடையை மடக்கியதை அவள் கண்ணால் கண்டிருக்கிறாள்.

வான் மேல் பாதையில் ஏறியது. ஒருவரும் கதைக்கவில்லை. சாரதி ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, யாருக்காவது தலைசுற்றா என்று கேட்டார்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அழகான வீடு. மூன்று பக்கமும் விறாந்தை, சிவப்பு சீமெந்துத் தரை, உயரமான முகடு, ஒவ்வொரு அறையிலும் கணப்பு. புல்தரை முடியும் இடத்தில் மலை சட்டென்று இறங்குகிறது. அப்பால் பள்ளத்தாக்கு, அதற்கப்பால் இன்னொரு மலை. காலையில் பனி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கலாம். படுக்கையறைக்குள்ளே குளியலறை, குளியலறைக்குப் பின்னால் ஒரு சிறிய வெளிக்கதவு. அந்தக் கதவு எதற்கு என்று வங்கிக்காரி கேட்டாள். ஆசிரியைகளில் ஒருத்திக்குத் தெரிந்திருந்தது. வாளி மாற்ற வருகிற வாசக்கூட்டி வீட்டுக்குள் நடக்காமல் வந்து போக வைத்த கதவு. அவளுடைய அப்பாவின் அப்பா அந்த வேலை செய்தவர்.

நில அளவைக்காரி பைக்குள் நாடா இல்லாமல் எங்கும் போகமாட்டாள். குளியலறையை அளந்தாள். பதினாறு அடிக்குப் பதினான்கு. லயன் காம்பரா வழக்கமாகப் பத்துக்குப் பன்னிரண்டு. அந்தக் கணக்கை நாங்கள் யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. நாடா சுருண்டு டப்பிக்குள் போன சத்தம் மட்டும் கேட்டது.

இராச்சாப்பாட்டுக்கு ஒரு அட்டை வந்தது. அதில் முதலாவது, 'முலிகட்டானி' சூப். இது என்ன தெரியுமா? நம்முடைய மிளகுத் தண்ணி. துரைமார் வாயில் அப்படியாகி, லண்டனுக்குப் போய், தேங்காய்ப்பாலும் கோழியும் சேர்ந்து திரும்பி வந்திருக்கிறது. பிறகு வறுத்த கோழி, கரமல் புடிங். எல்லாம் நன்றாகவே இருந்தது. ஆனால் அடுத்த நாள் காலை நாங்கள் ரொட்டியும் இடிச்ச சம்பலும் கேட்டோம். சமையல் செய்யும் பெண் தயங்கி நின்றார். "அது மெனுவுல இல்லீங்களே மேடம்."

"நீங்க காலையில என்னா சாப்பிட்டீங்க?"

"நாங்க ரொட்டிதாங்க."

"அதுல ஆறு குடுங்க."

அவருக்கு எங்கள் வயதுதான் இருக்கும். இங்கே அவரைப் பங்களா அக்கா என்று சொல்கிறோம். பாட்டன் இதே வீட்டில் அப்புவாக இருந்தவர். இவர் பத்து வருடம் மலையில் கொழுந்து எடுத்து, முதுகு வலி வந்து, விடுதி தொடங்கியபோது குசினிக்கு வந்தவர். முதல் நாள் முழுக்க எங்களுக்கு 'மேடம்' பட்டம். நாங்களும் லயத்தில் பிறந்தவர்கள் என்று சொன்னபோது நம்பவில்லை. ஆசிரியை தன் தோட்டத்துப் பெயர், டிவிசன் பெயர், கங்காணி பெயர் எல்லாம் சொல்ல, அந்த டிவிசனில் தன் சின்னம்மா வாழ்க்கைப்பட்டிருப்பதாக ஒரு பிடி கிடைத்தது. அதன் பிறகும் எங்களை எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குப் பெரிய சங்கடம். இரண்டாம் நாள் ஒரு பெயரும் சொல்லாமலே சமாளித்தார். மூன்றாம் நாள் 'அக்கா' வந்தது, அதுவும் குசினிக்குள்ளே மட்டும். முன் விறாந்தைக்கு வந்தால் மறுபடி 'மேடம்'.

துரைமாருக்குத் தமிழ் கற்றுக்கொடுக்க நூறு வருடத்துக்கு முன்னரே கொழும்பில் சின்னப் புத்தகங்கள் அச்சிட்டார்கள். அதில் பேர்போன ஒன்றின் தலைப்பே 'இங்கே வா' என்பது. சின்னத் துரை சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டிய தமிழ். எங்களில் ஒரு ஆசிரியை பட்டமேற்படிப்புக்காக அப்படியான புத்தகங்களைத் தேடி வாசித்தவள். அவற்றில் வேலை வாங்கும் வாக்கியங்களுக்குப் பஞ்சமில்லை, நலம் விசாரிக்கும் வாக்கியங்களைத்தான் தேட வேண்டும் என்கிறாள். வா, போ, கொண்டு வா, சுறுக்காச் செய். அந்த வீட்டின் சுவர்கள் இத்தனை வருடமாகக் கேட்ட தமிழ் இதுதான். ஆறு பொம்பிளைகள் விறாந்தையில் உட்கார்ந்து நடுச்சாமம் வரை கதைத்துச் சிரித்த தமிழை முதல் தடவையாகக் கேட்டிருக்கும் என்று பகிடி பண்ணினோம்.

இரண்டாம் நாள் மழை. சப்ரகமுவ மழையைப் பற்றி இங்கே உள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் போர்வைக்குள் சுருண்டபோது புளத்கொஹுபிட்டியப் பக்கத்திலிருந்து வந்தவள் மட்டும் நித்திரை கொள்ளவில்லை. விறாந்தையில் கதிரையைப் போட்டுக் கீழே லயத்து வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததை எல்லோருக்கும் தெரியும். அதே நாளில் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்தில் மண் சரிந்து லயன் ஒன்றை மூடியதை அவ்வளவு பேருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்த முகங்கள் அதில் போயின.

பங்களாவுக்கு அந்தப் பயம் இல்லை. துரைமார் வீடு கட்டியது கெட்டியான மேட்டில், நாலு பக்கமும் பார்க்கத் தோதான இடத்தில். லயத்துக்குக் கிடைத்தது தேயிலை நட உதவாத மூலையும் சரிவும். மழை கனத்தால் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து எச்சரிக்கை வரும், சனங்கள் பாடசாலைக்கோ கோயிலுக்கோ போய்ப் படுப்பார்கள், மழை விட்டதும் அதே காம்பராவுக்குத் திரும்புவார்கள். வேறு எங்கே போவது?

அடுத்த நாள் மத்தியானம் பங்களா அக்கா மெதுவாக ஒரு விசயம் கேட்டார். டாக்டர் ஒருவர் வந்திருப்பது லயத்துக்குத் தெரிந்துவிட்டது, தன் மாமியாருக்குப் பிரசர் பார்க்க முடியுமா என்று. பிரசர் கருவி பையில் இருந்தது. மாமியாரோடு இன்னும் பதினெட்டுப் பேர் வந்துவிட்டார்கள். எல்லோரும் குசினி வாசலில் நின்றார்கள். விடுதியைப் பார்த்துக்கொள்ளும் தம்பி பலாங்கொடைச் சிங்களப் பையன், நல்ல பிள்ளை. முன் விறாந்தைக்கு வரச் சொல்லி அவரே கூப்பிட்டார். ஒருவரும் அசையவில்லை. சரி என்று நாங்கள் கதிரைகளைப் பின் பக்கம் தூக்கிப் போட்டோம்.

பார்த்ததில் புதிய நோய் ஒன்றும் இல்லை. மூட்டு வலி, முதுகு வலி, மருந்து முடிந்து நின்றுபோன பிரசர், கட்டுப்படாத சீனி. ஆனால் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் பாதிப் பேருக்கு மேல் வெளிறிக் கிடந்தது. இரத்தச்சோகை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் ரொட்டி, சம்பல், ரொட்டியோடு சேர்த்துச் சாயத் தண்ணி. தேயிலைச் சாயத்தில் உள்ள தனின், சாப்பாட்டில் இருக்கிற கொஞ்ச இரும்புச் சத்தையும் உடம்பில் சேர விடாது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி குடியுங்கள், தேசிக்காய்ப் புளி சேருங்கள், கீரை ஒரு பிடி வையுங்கள், கிளினிக்கில் தருகிற குளிசையை எறியாதீர்கள் என்று சொன்னோம். ஒரு ஆச்சி கேட்டார்: "ஒரு மணி நேரங் கழிச்சு நாங்க மலையில நிப்பமே புள்ள, அங்க யாரு தண்ணி காச்சிக் குடுப்பா?" அதற்கு எந்த வைத்தியப் புத்தகத்திலும் பதில் இல்லை.

அன்று பின்னேரம்தான் பாரிஸ்காரி தன் ஃபிரெஞ்சுக் கதையை எடுத்தாள். எங்களை வேறு பக்கம் திருப்பியது அந்தக் கதை.

அவளும் கணவரும் பிள்ளைகளும் ஒவ்வொரு கோடையிலும் பிரான்ஸின் தெற்கே ஒரு சின்ன ஊரில் ஒரு கிழமை வீடெடுத்து இருப்பார்கள். அப்படியான வீட்டை அங்கே 'ஜீத்' என்கிறார்கள். தடித்த கல் சுவர், நீல மரக் கதவுள்ள யன்னல். முன்னே மாட்டுத் தொழுவமாக இருந்த இடமாம். வீட்டுக்காரர் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார், விவசாயி. திறப்பு பூச்சாடிக்கு அடியில். போய் இறங்கினால் அவருடைய அம்மா முட்டையும் அத்திப்பழப் பாகும் கொண்டு வந்து வைப்பார். பாண் கடை மத்தியானம் பூட்டிவிடும், சனிக்கிழமை சந்தை, மணிக்கு ஒரு தடவை கோயில் மணி. சமையல் நாமே செய்ய வேண்டும். போகும்போது கூட்டித் துடைத்து, படுக்கை விரிப்பைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடம் அந்தக் கிழவியின் முகத்தில் முழிக்க முடியாது. கிழவி முதல் வருடம் இவர்களை ஒரு மாதிரிப் பார்த்தாராம். இரண்டாம் வருடம் இவள் பருப்புக் கறி கொடுத்தனுப்பிய பிறகு, வரும் திகதியைக் கேட்டுக் கிழவியே போன் எடுக்கிறாராம்.

அந்த ஏற்பாடு எப்படித் தொடங்கியது என்றும் சொன்னாள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அங்கே கிராமங்கள் காலியாகத் தொடங்கின. இளசுகள் பட்டணத்துக்குப் போய்விட, பழைய கல் வீடுகள் இடிந்து விழுந்தன. ஆல்ப்ஸ் மலைப் பக்கத்து செனட்டர் எமில் ஓபேர் என்பவர், பாழாகும் வீட்டைத் திருத்தி விடுமுறைக்கு விட்டால் விவசாயிக்கு ஒரு வருமானம், வசதி குறைந்த பட்டணத்துக் குடும்பத்துக்கு மலிவாக ஒரு விடுமுறை என்று யோசித்தார். 1951 இல் முதல் வீடு திறந்தது. 1955 இல் நாடு முழுவதற்கும் ஒரு சம்மேளனம் அமைந்தது. இன்று அப்படிப் பல்லாயிரம் வீடுகள். அந்த வாடகைப் பணம் கிராமத்தில் இருப்பவன் கைக்கே போகிறது.

இதைச் சொல்லிவிட்டு அவள் பங்களா அக்காவிடம் கேட்டாள்: "இந்த வீட்டுக்காரர் யாரு?"

இந்தச் சின்னக் கேள்விக்குப் பதில் சொல்ல அரை மணித்தியாலம் போனது. முதலில் ஸ்கொட்லாந்துக் கொம்பனி. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தோடு அரசாங்கம். 1992 இல் தோட்டங்களை நடத்தத் தனியார் கொம்பனிகளிடம் கொடுத்தபோது நீண்ட காலக் குத்தகைக்கு ஒரு கொம்பனி. அந்தக் கொம்பனியிடமிருந்து பங்களாவை மட்டும் எடுத்து நடத்த இன்னொரு கொம்பனி. அந்தக் கொம்பனிக்குச் சம்பளத்துக்கு நிற்கிறார் நமது பலாங்கொடைத் தம்பி. வீட்டுக்காரர் என்று கையைக் காட்டி ஒருவரைச் சொல்ல முடியவில்லை. மூன்று தலைமுறையாக அந்த வீட்டின் தரையை மெழுகியவர்கள் மட்டும் மாறவில்லை.

"ஒங்க வீட்டுல ஒரு அறைய விடலாமே? வெள்ளைக்காரங்க விரும்பி வருவாங்க. ஒங்க ரொட்டிக்கே வருவாங்க" என்றாள் பாரிஸ்காரி.

பங்களா அக்கா சிரித்துவிட்டார். "என்னா வீடுங்க? மாமியா பென்சன் எடுத்தப்ப எங்க நாத்தனா பேரு செக்ரோல்ல இருந்ததால காம்பரா இருக்கு. அவளும் நின்னுட்டா கேப்பாங்க. மழைக்குத் தகரம் மாத்தவே ஐயாகிட்ட எழுதிக் குடுக்கணும். இதுல வாடகைக்கு விடுறதா?"

நில அளவைக்காரிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அவள் தொழில் அது. காணிக்கு உறுதி இல்லாதவனுக்கு வங்கிக் கடன் இல்லை, வீட்டைப் பெருப்பிக்க வழி இல்லை, ஒரு கடை போட முடியாது, விருந்தாளிக்கு ஒரு அறை கட்ட முடியாது. வங்கிக்காரியும் தலையாட்டினாள். காணியும் உறுதியும் தனி வீடும் என்று சில வருடமாகக் கொடுக்கிறார்கள், வாங்கியவர்கள் நன்றாக இருக்கிறார்கள், கண்ணால் கண்டிருக்கிறோம். ஆனால் சப்ரகமுவத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாகச் சிதறிக் கிடப்பவை. நுவரெலியாவில் இருக்கிற வாக்குப் பலம் இங்கே இல்லை. எதுவும் கடைசியில்தான் வந்து சேரும். 1977, 1981, 1983 என்று அடி விழுந்தபோது மட்டும் முன்னுக்கு நின்றோம். 1981 ஆகஸ்ட்டில் இரத்தினபுரித் தோட்டங்களில் லயன்கள் எரிந்தன. அப்போது தேயிலைச் செடிக்குள் படுத்து உயிர் தப்பி வவுனியாவுக்குப் போனவர்களின் சொந்தக்காரர் இந்தச் சபையிலும் இருக்கிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து ஹோட்டன் சமவெளிக்கு வருகிறவர்கள் உலக முடிவு என்ற பாறையில் நின்று கீழே பார்ப்பார்கள். பனி விலகினால் பள்ளத்தில் பச்சைத் தேயிலையும் சின்னச் சின்ன வெள்ளைக் கட்டடங்களும் தெரியும். அது பெலிஹுல்ஓயாப் பக்கம், இரத்தினபுரி மாவட்டம். எவ்வளவு அழகு என்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் படங்களில் இருக்கிற வீடுகளில் ஒன்றைக்கூட அதில் குடியிருக்கிறவர் வாடகைக்கு விட முடியாது என்பதைத்தான் நாங்கள் அந்த மூன்று இரவில் விளங்கிக்கொண்டோம். நாங்கள் ஓர் இரவுக்குக் கொடுத்த காசு, அன்றைய 1000 ரூபாய் நாட்சம்பளத்தில் பங்களா அக்காவின் நாத்தனார் மாதம் முழுக்கப் பேர் போட்டு எடுத்தாலும் வராது. அடுத்த முறை தோட்டத்துக்குப் போவதானால் தனி வீடும் உறுதியும் கிடைத்த ஒரு குடும்பத்தின் வீட்டில் பாய் போட்டுப் படுத்து, அந்தக் காசை அவர்கள் கையில் கொடுப்பதாகப் பேசிக்கொண்டோம். கேகாலைப் பக்கம் அப்படி இரண்டு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். சபையில் யாருக்கும் விருப்பமென்றால் விபரம் தருகிறோம். கணப்பு இருக்காது, குளியலறை வெளியே, சாப்பாடு பிரமாதம்.

இனி, செயலாளர் அக்கா பொறுத்துக்கொள்ள வேண்டிய இடம்.

பங்களா அக்காவுக்கு ஒரு மகள். நாங்கள் போனபோது சாதாரண தரம் எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். மூன்றாம் நாள் காலை குசினி மேசையில் எங்களோடு இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று டாக்டரிடம் கேட்டாள். பொழுதுபோக்குக்குக் கேட்ட கேள்வி இல்லை. படத்தோடு விளக்கும்படி கொப்பியும் கொண்டு வந்திருந்தாள். பெறுபேறு வந்ததும் எங்களுக்குத்தான் முதலில் அழைத்தாள். கணிதம் ஏ, விஞ்ஞானம் ஏ, தமிழ் ஏ. உயிரியல் படிக்க விருப்பம். அவள் போய்வரக்கூடிய தூரத்தில் தமிழ் மொழி மூலம் உயர்தர விஞ்ஞானம் உள்ள பாடசாலை ஒன்றும் இல்லை. இப்போது பக்கத்துப் பாடசாலையில் கலைப் பிரிவில் இருக்கிறாள். கலைப் பாடங்களை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை, எங்களில் இருவர் அதில் படித்தவர்கள்தான். அவர்கள் விரும்பிப் படித்தார்கள்.

1990களில் எங்களுக்கும் இதே நிலைதான். வித்தியாசம், எங்களுக்கு இந்த விடுதி இருந்தது. நாங்கள் இருந்த காலத்தில் 62 படுக்கை, ஒரு படுக்கைகூடக் காலியில்லை. கட்டணம் கட்ட முடியாத எங்களில் மூன்று பேருக்கு, பெயர் சொல்லாமல் யாரோ பழைய மாணவிகள் கட்டினார்கள். யார் என்று இன்று வரை எங்களுக்குத் தெரியாது. இந்தச் சபையில் உட்கார்ந்திருக்கலாம். சென்ற வாரம் விடுதிக்குப் போய்ப் பார்த்தோம். பதினான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள். மேல் மாடி பூட்டிக் கிடக்கிறது. கட்டில்கள் நல்ல கட்டில்கள், மெத்தை மட்டும் மாற்ற வேண்டும். கூரையில் இரண்டு இடத்தில் ஒழுக்கு. நில அளவைக்காரி அளந்து, மேஸ்திரி ஒருவரிடம் மதிப்பீடும் எடுத்துவிட்டாள்.

நூற்றாண்டு நிதியில் நுழைவாயிலில் ஒரு வளைவு கட்டுவதற்குத் தீர்மானித்திருக்கிறீர்கள். வளைவு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கட்டலாம், பக்கத்து ஆண்கள் பாடசாலையில் இருப்பதைவிட உயரமாகவே கட்டலாம். ஒரு வருடம் பிந்திக் கட்டுவோம் என்று மட்டும் கேட்கிறோம். அந்தப் பணத்தில் மேல் மாடியைத் திறந்து, சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து எட்டுப் பிள்ளைகளை உயர்தர விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் எடுக்கலாம். எட்டுப் பேரின் இரண்டு வருட விடுதிக் கட்டணத்தில் பாதியை எங்கள் ஆறு பேரும் ஏற்கிறோம். பாரிஸ்காரி தன் பங்கை ஏற்கெனவே அனுப்பிவிட்டாள். அதிபர் அம்மாவுடன் கதைத்தோம். இடையில் சேர்ப்பதற்கு அவர் உடன்படுகிறார், ஆனால் முதலாம் தவணை முடிவதற்குள் வரவேண்டும், அதற்குப் பிறகு வந்தால் பிள்ளை பாடத்தைப் பிடிக்க மாட்டாள் என்கிறார். தவணை முடிய இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது.

ஆண்டுப் பொதுக்கூட்டம் தேநீர் இடைவேளைக்குப் பிறகு. பிரேரணையை எழுதி, ஆறு பேரும் கையெழுத்திட்டு, செயலாளர் அக்காவின் மேசையில் வைத்திருக்கிறோம். வழிமொழிய ஒருவர் வேண்டும். மதிப்பீட்டுத் தாளும் எட்டுப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலும் அதோடு இணைத்திருக்கிறது.